ஜூலிக்குப் போட்ட நான்கு ஊசிகள்

ஜூலிக்கு வந்தது புற்றுநோய்தான். ஆனால் ஜூலியின் கடைசி மூன்று மாதத்தைக் கெடுத்து, முன்னதாகவே சாகடித்தவன் நான். இதை எழுத எனக்கே பிடிக்கவில்லை. புதிதாக வேலைக்கு வரும் கால்நடை டாக்டர்கள் படிக்கட்டும்.

1. குப்பையில் போன கட்டி

தொண்ணூறுகளின் நடுவில் காரைக்குடியில் கால்நடை டாக்டராக இருந்தேன். பள்ளத்தூர் ரோஸ்லின் டீச்சர் தன் நாய் ஜூலியைக் கொண்டுவந்தார். மடியில் எலுமிச்சை அளவு கட்டி. அறுத்தெடுத்தேன். பார்த்தாலே புற்று என்று தெரிந்தது. பிறகு எதற்கு டெஸ்ட் என்று குப்பையில் போட்டேன். அத்தனை மேதாவித்தனம்.

2. ஊசி

ஐந்தாம் மாதம் அதே இடத்தில் மறுபடி கட்டி. இந்தத் தடவை ஒரு துண்டை வெட்டி, சென்னையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த என் வகுப்புத் தோழருக்கு ஃபார்மலினில் அனுப்பினேன். முடிவு வருவதற்குள் டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் ஊசியை ஆரம்பித்துவிட்டேன். மூன்று வாரத்துக்கு ஒன்று, டீச்சர் வீட்டுக்கே போய். இரண்டாவது ஊசியில் ஜூலி காலை இழுத்ததில் மருந்து நரம்புக்கு வெளியே கசிந்து, தோல் வெந்து புண்ணானது. மூன்றாவதுக்குப் பிறகும் கட்டி வளர்ந்தது.

"உங்க வண்டிச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கிருது சார். நிப்பாட்டிருவமா?" என்றார் டீச்சர்.

"மருந்து பத்தலை டீச்சர். கொஞ்சம் கூட்டிப் போட்டாக் கேக்கும்."

கூட்டிப் போட்டேன். ஜூலி சோறு தண்ணீர் இறங்காமல், ரத்தமாகக் கழிந்து, ஒன்பதாம் நாள் செத்தது.

3. கடிதம்

அடுத்த வாரம் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. கட்டியின் செல்களில் பி-கிளைகோபுரோட்டீன் நிறைய இருந்ததாம். உள்ளே போகிற மருந்தை மோட்டார் வைத்து இறைப்பதுபோல வெளியே தள்ளிவிடும் புரதம் அது. கட்டிக்குள் மருந்து தங்கவே இல்லை. உடம்பின் மற்ற இடமெல்லாம் அதை வாங்கிக்கொண்டது.

மறைத்திருக்கலாம். மனசு கேட்காமல் பள்ளத்தூர் போய்ச் சொன்னேன்.

"முதக் கட்டியை அனுப்பியிருந்தீகன்னா, ஊசி போடுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கலாம் டீச்சர்."

அவர் திட்டுவார் என்று நின்றேன். தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நாலு ஊசிக்கும் அதோட காலை நாந்தானே சார் பிடிச்சுக்கிட்டேன். என்னைய நம்பித்தானே படுத்துக் கெடந்துச்சு."

பட்டால்தான் புத்தி வரும் என்பார்கள். பட்டது ஜூலி, புத்தி வந்தது எனக்கு. அறுத்த கட்டியை டெஸ்டுக்கு அனுப்புங்கள். மருந்து கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று சொல்லுங்கள். நிறுத்தலாமா என்று வளர்ப்பவர் கேட்டால், கையில் இருக்கும் ஊசியை முதலில் கீழே வையுங்கள்.