சாவிக்கு ஒரு பாஸ்போர்ட்

சம்பளம் தரும் வேலையை விடுவது சுலபம். ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். என் அகத்துக்காரர் அழகியநம்பி மாட்டிக்கொண்டிருப்பது சம்பளமே இல்லாத வேலையில். அதை எப்படி விடுவது என்று கேட்டால் எங்கள் திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள், இலவசம். எந்தெந்த ஊரிலோ இருப்பவர்கள் ஆளுக்கொரு துண்டைத் தத்தெடுத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தத் துண்டுக்குப் பேர் பேக்கேஜ். இவர் தத்தெடுத்தது, பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் தமிழும் மலையாளமும் சிதையாமல் அச்சாக வைக்கும் பேக்கேஜ். முதலில் அதை எழுதிய மனுஷர் எங்கே போனாரோ, ஆளையே காணோம். லினக்ஸில் எதை மாற்றினாலும் இது உடைந்துபோகும். இவர் உட்கார்ந்து ஒட்டுப்போட வேண்டும். கடலோரப் பள்ளிக்கூடங்களில் கேள்வித்தாள் அச்சடிப்பது இதை வைத்துத்தான். ஒரு கொம்பு விழாவிட்டாலும் இவருக்கு மெயில் வந்துவிடும்.

பகலெல்லாம் கம்பெனிக் கணக்குப் பிரிவில் தட்டுவார். சாயங்காலம் அகத்துக்கு வந்து இதைத் தட்டுவார். வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. ஒருநாள் சாப்பிடும்போது சாத்தமுதுக் கிண்ணம் கையிலிருந்து நழுவி விழுந்தது. விழுந்ததே இவருக்குத் தெரியவில்லை. சாயங்காலத் தட்டலை நிறுத்தாவிட்டால் கை உதவாமல் போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"விட்டுடுங்கோன்னா" என்றேன்.

"விட்டா, அடுத்த பதிப்புலேர்ந்து பேக்கேஜையே தூக்கிடுவா, விஜயம். அந்தப் பள்ளிக்கூடமெல்லாம் என்ன பண்ணும்? யாராவது எடுத்துண்டா விட்டுடறேன்."

எடுத்துக்கொள்ள ஆள் தேவை என்று அறிவிப்பும் போட்டார். உலகம் பூராவும் படித்தார்கள். ஒருத்தர் மூச்சு விடவில்லை. ஊருக்கு இளைத்தவன் இவர்தானே!

கடைசியில் ஜெஸ்லின் வந்தாள். விழிஞ்ஞத்துப் பெண், அப்பா மீன்பிடிக்கிறவர். கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். அந்தப் பேக்கேஜில் இருந்த தப்புகளையெல்லாம் திருத்தி இவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தவள் அவள்தான். "சாரே, நான் எடுக்கேன்" என்று போனில் சொன்னாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது. இவர் கை பிழைத்தால் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்துகொண்டேன். வைஷ்ணவாள் அகத்துப் பெண் பிள்ளையாரிடம் போனால் போகட்டும், பெருமாள் கோபித்துக்கொள்ளமாட்டார்.

இந்த லினக்ஸ் உலகத்தில் ஒரு முறை உண்டு. ஒவ்வொருவருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு ரகசியச் சாவி. புதிதாக வருகிறவரின் சாவி அவருடையதுதான் என்று, ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒருவர் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்தும் கம்ப்யூட்டரில்தான். அது இல்லாமல் பேக்கேஜை அவர் பொறுப்பில் விடமாட்டார்கள். அப்படிக் கையெழுத்திட சர்க்கார் கொடுத்த, படம் ஒட்டிய அடையாளச் சீட்டு வேண்டும். திருவனந்தபுரத்தில் கையெழுத்திடக்கூடியவர் இவர் ஒருவர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெஸ்லின் ரேஷன் கார்டோடு வந்தாள். இவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல உன் படம் இல்லையேம்மா."

"அப்பனுக்க படம்தான் உண்டு சாரே. வோட்டர் கார்டு இதுவர கிட்டல்ல. காலேஜ் கார்டு இருக்கு."

"அது சர்க்கார் குடுத்ததில்லை. பாஸ்போர்ட் எடுத்துண்டு வா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எதிர்ல உக்காந்து காப்பி குடிக்கறா. இவதான் ஜெஸ்லின்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். ஆனா, என் மூஞ்சியையே பாக்காதவா என் கையெழுத்தை நம்பறா, விஜயம்."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை அன்று கண்ணால் பார்த்தேன்.

பாஸ்போர்ட்டுக்கு ஒரு மழைக்காலம் முழுக்கக் காத்திருந்தோம். அதற்குள் இவரால் சட்டைப் பொத்தான் போட முடியாமல் போனது. நான்தான் போட்டுவிட்டேன்.

மழை விட்டதும் ஜெஸ்லின் பாஸ்போர்ட்டோடு வந்தாள். இவர் படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். அவள் சாவியின் எண்களை ஒவ்வொன்றாக வாசித்துச் சரிபார்த்தார். எத்தனையோ நாளைக்கப்புறம் சிரித்தார். நான் மனசுக்குள் தேங்காயை உடைத்தே விட்டேன்.

"சாரே, ஒரு காரியம் பறயணும்" என்றாள் அவள். அதற்குள் கண் நிறைந்துவிட்டது. "பாஸ்போர்ட் கிட்டினதும் மாமன் என் பேர துபாய்க் கம்பெனிக்கு அனுப்பிச்சு. ஜோலி கிட்டிச்சு. வெளி வேலை ஒண்ணும் செய்யக்கூடாதுன்னு பேப்பர்ல ஒப்பு போடச் சொல்லிட்டாவ. வீட்ல தம்பி தங்கச்சி எல்லாம் உண்டு. நான் என்ன செய்ய?"

அந்தக் குழந்தையைத் திட்ட என் நாக்கு எழவில்லை. அவள் பறக்கட்டும். ஆனால் அவளைப் பாஸ்போர்ட் எடுக்க வைத்த மனுஷரை என்ன சொல்வது?

இவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். அவள் சாவிக்குக் கையெழுத்தையும் போட்டார்.

"எதுக்கு இப்போ?" என்று கத்தினேன்.

"அடையாளம் சரியா இருக்கே" என்றார்.

அன்று சாயங்காலமே ஆள் தேவை என்ற அறிவிப்பை எடுத்துவிட்டு, பேக்கேஜைப் பார்த்துக்கொள்பவர் என்று தன் பெயரைத் திரும்பப் போட்டார். இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். பார்க்கச் சகிக்காமல் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "தள்ளுங்கோ. என்ன தட்டணும், சொல்லுங்கோ."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் இவர் சொல்லச் சொல்ல நான் தட்டுகிறேன். யாராவது எடுத்துண்டா விட்டுடறேன் என்றாரே, எடுத்துக்கொண்டது நான்தான்.