அருளப்பு அண்ணை கட்டிய தீவு வீடு

அருளப்பு அண்ணை போய்விட்டார். போன செவ்வாய்க்கிழமை இங்கே டென்மார்க்கில், ஹோர்சன்ஸில் பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவருடைய மகள் டிலானி டேனிஷில் இரண்டு வரி அனுப்பியிருந்தாள். அடுத்த தரிப்பிலேயே இறங்கிவிட்டேன். அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அவரைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் சாந்தமான மனிதர் என்கிறீர்கள். சாந்தம்! அந்த மனிதர் எதை விழுங்கிக்கொண்டு இருந்தார் என்று எனக்கல்லவா தெரியும்.

கண்காட்சி மண்டபங்கள் கட்டும் கம்பனி ஒன்றில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். வெளிநாட்டில் நடந்த உலகக் கண்காட்சி ஒன்றில் பசிபிக் கடலிலுள்ள பொலினீசியத் தீவுகளின் மண்டபத்தைக் கட்டும் வேலை எங்களுக்குக் கிடைத்தது. தீவுக்காரர் அனுப்பிய வரைபடத்தில் கூரைக்கு ஓர் ஆணிகூட இல்லை, எல்லாம் கயிற்றுக் கட்டு. டேனிஷ் தச்சர்கள் முழித்துக்கொண்டு நிற்க, மன்னாரில் வள்ளம் கட்டிய அண்ணை ஏணியில் ஏறினார். "ஆணி காத்தோட சண்டை பிடிக்கும் தம்பி, கட்டு விட்டுக்குடுக்கும்" என்றார். கயிறு இழுத்து இழுத்து மூன்று கிழமையில் அவருடைய உள்ளங்கை இரண்டும் தோலுரிந்துபோயின.

திறப்பு நாளன்று தீவுக்காரர் வரவேண்டிய விமானம் பிந்திவிட்டது. படம் எடுக்க வந்தவர்கள் பொறுமை இழந்தார்கள். முகாமையாளர் ஒரு பூப்போட்ட சட்டையும் மாலையும் கொண்டுவந்து, அண்ணை அதைப் போட்டுத் தீவுக்காரர் மாதிரி வாசலில் நிற்பாரா என்று என்னிடம் கேட்டார். அண்ணைக்கு டேனிஷ் மட்டுமட்டு. அவருக்காக நான் பதில் சொல்வதே வழக்கம். வேலை போய்விடும் என்ற பயத்தில் எதற்கும் தலையாட்டிப் பழகியவன் நான். அவரைக் கேட்காமலே சம்மதம் என்றுவிட்டேன். பிறகுதான் அவரிடம் போய், "ஒரு படம்தானே அண்ணை, சிரிச்சுக்கொண்டு நில்லுங்கோ" என்றேன். நின்றார்.

பின்னேரம் வந்து சேர்ந்த தீவுக்காரரில் ஒரு முதியவர் கூரைக் கட்டுகளைத் தடவிப் பார்த்தார். மாலையோடு நின்ற அண்ணையைக் கண்டதும் தன் ஊர்க்காரர் என்று நினைத்து ஓடிவந்து கையைப் பிடித்துத் தன் மொழியில் பேசத் தொடங்கினார். அண்ணை தலையைக் குனிந்துகொண்டார். அவர் இலங்கைத் தமிழர் என்று நான் ஆங்கிலத்தில் விளக்கியதும் முதியவர் கையை விட்டுவிட்டு அப்பால் போய்விட்டார்.

"அந்தாளின்ர ஊரைக் களவெடுத்துப்போட்டு நிண்டன் தம்பி. ஊரை இழந்தவன் செய்யிற வேலையே இது?"

அதற்குப் பிறகு தனக்காகக் கதைக்க அவர் என்னை விட்டதே இல்லை. பிழையோ சரியோ, தன் டேனிஷில் தானே கதைத்தார்.

செத்தவீட்டுக்குக் கம்பனி அந்தப் படத்தையே பெரிதாக்கி மலர்வளையத்தோடு அனுப்பியிருந்தது. யாரோ அதைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். டிலானி என்னிடம் வந்தாள்.

"அப்பா இதைப்பற்றி ஒண்டும் சொல்லேல்லை. நல்லாச் சிரிக்கிறார். சந்தோசமா இருந்தவரோ மாமா?"

"ஓம் பிள்ளை" என்றேன்.

பாருங்கள், அவர் பெட்டிக்குள் கிடக்கும்போதும் அவருக்காக நானே பதில் சொல்லியிருக்கிறேன்.

இல்லை டிலானி. உன் அப்பா அன்றைக்கு வெட்கத்தில் கூனிப்போய் நின்றார். நிற்கவைத்தவன் நான். அந்தப் படத்தை எடுத்து எறிந்துவிடு. அவர் என்மேல் வைத்திருந்த கோபம் என்னிடம் இருக்கட்டும், அதை யாருக்கும் கொடுக்கமாட்டேன்.