பட்டன் இல்லாத கைப்பிடி

என் மாமனுக்கு வலது கையில் கட்டைவிரல் கிடையாது. பக்கத்து விரல் பாதிதான் இருக்கும். பனியன் கம்பெனியில், துணி வெட்டுகிற கட்டிங் மிஷினில் போனது. அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஒரே தம்பி. அப்போது அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. நல்லூரில் எங்களோடுதான் இருந்தார்.

விரல் இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருக்குக் கேம் கடைதான். பஸ் ஸ்டாப்புக்கு எதிரில், ஒரு ஷட்டர் ரூமில் வரிசையாக டிவி வைத்திருந்தார்கள். கார் ஓட்டுகிற கேமில் மாமனை யாரும் முந்த முடியாது. என்னையும் கூட்டிப்போவார். என் கையிலும் ஒரு கன்ட்ரோலரைக் கொடுப்பார். நான் பட்டனை அமுக்கு அமுக்கென்று அமுக்குவேன். கார் பறக்கும். என் கன்ட்ரோலரின் ஒயர் எதிலும் சொருகியிருக்காது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

புண் ஆறிய பிறகும் மாமன் வேலைக்குப் போகவில்லை. கம்பெனியில் பேக்கிங் செக்ஷனுக்கு வரச் சொல்லி ஆள் விட்டார்கள். போகவில்லை. கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அம்மா சோறு போட்டபோது தட்டைத் தள்ளி வைத்தார்.

“நா இருந்து என்னத்துக்குங்க அக்கா.”

கத்தவில்லை. மழை வருமா என்று கேட்பது மாதிரிதான் சொன்னார்.

மறுநாள் காலையில் சாணிக்குப் பதிலாகப் பச்சையாகக் கரைத்து வாசல் தெளிக்கிற சாணிப்பவுடர் பொட்டலத்தை அம்மா பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். வெறும் தண்ணீரைத் தெளித்துக் கோலம் போட்டாள். அந்தப் பவுடர் என்ன செய்யும் என்று எங்கள் பக்கம் பெரியவர்களுக்கெல்லாம் தெரியும். எனக்குத் தெரியாது.

எனக்கு அப்போது முழுப் பரீட்சை லீவு. “மாமன உட்டுட்டு எங்கியும் போகக் கூடாது கண்ணு” என்று சொல்லிவிட்டு அம்மா பனியன் செக்கிங் வேலைக்குப் போவாள். ஏனென்று கேட்டேன். மாமனுக்குப் பேச்சுத்துணை வேண்டுமாம். மாமன் பேசவே மாட்டார். வெளியே பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் கேட்கும். எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு சாயங்காலம் கேம் கடைக்காரர் பார்க்க வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். என்ன பேசுவது என்று அவருக்கும் தெரியவில்லை. பிறகு, “புது மிஷின் ஒண்ணு வரப்போகுதாம்ல மாப்ள” என்றார். “கன்ட்ரோலர்ல பட்டனே இருக்காதாம். கையில புடிச்சு வீசினாப் போதும்னு பேசிக்கிடுதாங்க.”

மாமன் சுவரிலிருந்து திரும்பினார்.

“கட்டவெரலு வேண்டாங்களா?”

“அது எதுக்கு? உள்ளங்கை இருந்தாப் போதும்லா.”

அம்மா அடுப்பில் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். கரண்டி அப்படியே நின்றது. அன்றைக்குக் குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

அம்மாவுக்குக் கேம் கடையைக் கண்டாலே ஆகாது. பசங்களைக் கெடுக்கிற இடம் என்பாள். அப்படிப்பட்டவள் அடுத்த நாளிலிருந்து வேலை விட்டு வரும்போது அந்தக் கடையில் நின்று சேதி கேட்டு வர ஆரம்பித்தாள். கைக்கு உறை மாதிரி மாட்டிக்கொள்வதாம். இல்லையாம், ஒரு பலகைமேல் ஏறி நிற்பதாம். அதுவும் இல்லையாம், சும்மா எதிரில் நின்று கையை ஆட்டினால் டிவியே பார்த்துக்கொள்ளுமாம். ஒருநாள் சொன்னது மறுநாள் இருக்காது. மாமன் கேட்டுக்கொண்டிருப்பார். பலகையில் நின்றால் பிரேக் எப்படிப் பிடிப்பது என்பார். அம்மாவுக்குத் தெரியாது. நாளைக்குக் கேட்டு வருகிறேன் என்பாள். இப்படிக் கேட்டுக்கொண்டே ஸ்பூனால் கொஞ்சம் சாப்பிட்டுவிடுவார்.

பிறகு கேம் கடைக்காரர் கடையை மூடிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அந்த ஷட்டரில் செல்போன் ரீசார்ஜ் கடை வந்தது. ஆனால் அம்மா கொண்டுவருகிற சேதி நிற்கவில்லை. யார் சொன்னது என்று கேட்டால் கம்பெனியில் பேசிக்கொண்டார்கள் என்பாள். சாம்பிள் பாஸ் ஆகிவிட்டதாம். அளவு கொஞ்சம் லூசாம், பிடித்துக் கொடுக்கச் சொன்னார்களாம்.

ஒருநாள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்.

“அந்தக் கைப்பிடிய பையர் ரிஜெக்ட் பண்ணிப்போட்டானாமா சாமி. ஷேடு சேரலையாம்.”

மாமன் அம்மாவையே பார்த்தார். கட்டிங்கில் இருந்தவர். ஷேடு சேராத பீஸை எத்தனையோ ஒதுக்கிப் போட்டவர்.

“வாஷ் பண்ணிப் பாத்தாங்களாமாங்க அக்கா?”

“பாத்தாச்சாமா. சாயம் போகுதாமா.”

மாமனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். துண்டுக்குள் இருந்த கை வெளியே வந்துவிட்டது. அதை அவர் கவனிக்கவில்லை. அம்மா கவனித்தாள். கைகால் கழுவப் போனாள்.

எனக்குக் கோபம். இத்தனை நாள் காக்க வைத்துவிட்டு, நிறம் சேரவில்லை என்று திருப்பி அனுப்பினால் என்ன அர்த்தம்? இதில் சிரிக்க என்ன இருக்கிறது? வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிற, முகம் தெரியாத அந்தப் பையரை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன்.

அம்மா திரும்பி வந்ததும் மாமன், “மறுக்கா சாம்பிள் தச்சு, அது பாஸாகி ஷிப்மென்டு போறதுக்குத் தீவாளி ஆயிருமுங்களே” என்றார்.

“ஆகுஞ்சாமி.”

“அதுவரைக்கும் இப்பிடியே உக்காந்திருக்க முடியாதுங்க அக்கா.”

திங்கட்கிழமை டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பேக்கிங் வேலைக்குப் போனார். அவர் சந்து திரும்பும்வரை அம்மா வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஷிப்டுக்கு நேரமாகிறது என்று சொன்னேன். ஆகட்டும் என்றாள். ஆறிப்போன டீயை மெதுவாகக் குடித்தாள். அம்மா வேலைக்கு லேட்டாகப் போய் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மாமன் இப்போதும் பேக்கிங்கில்தான் இருக்கிறார். நான் அம்மா பார்த்த செக்கிங் வேலையைப் பார்க்கிறேன். போன ஞாயிறு அவர் பையன் செல்போனைக் காட்டி, ஏதோ புது கேம் மிஷின் வருகிறது, அதன் கன்ட்ரோலர் வேறு மாதிரி இருக்குமாம் என்றான். “ஷேடு பாஸாயிருச்சாமா?” என்று மாமன் கேட்டார். பையன் முழித்தான். அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றைக்கு நானும் இவனைப்போல்தான். மாமன் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகும் நான் அந்த மிஷினுக்காகக் காத்திருந்தேன். எப்போது வரும் என்று அவரையே கேட்டேன். “உங்கம்மாளக் கேளு அம்மிணி. அவங்கதான் பையரு” என்றார். நான் நம்பிவிட்டேன். பள்ளிக்கூடம் திறந்ததும், எங்கம்மாதான் பையர் என்று பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையிடம் பெருமையாகச் சொன்னேன்.

அந்த வாரமே ஒரு காலையில் எழுந்து பார்த்தால் எங்கள் வாசல் பச்சைப் பசேலென்று இருந்தது. நடுவில் பெரிய கோலம். பவுடர் வாங்க அம்மாவுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது போல என்று நினைத்துக்கொண்டு, கோலத்தை மிதிக்காமல் தாண்டிப் பள்ளிக்கூடம் போனேன்.