ஆவனார் வீட்டுப் புகார்ப் பதிவேடு

ஒரு புகாரை முடித்துவைக்கும்போது அவர் மர அளவுகோலை எடுத்துச் சட்டைக் கையில் ஒருமுறை துடைப்பார். கடைசி வரிக்குக் கீழே அதை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சிவப்பு மையில் ஒரு கோடு இழுப்பார். பிறகு அந்தப் பக்கத்தை இரண்டு தட்டு தட்டுவார், அடம்பிடிக்கும் குழந்தையைத் தூங்கவைப்பதுபோல. குழாயில் தண்ணீர் வந்ததா என்பது வேறு விஷயம். புகார் தூங்கிவிட்டது.

குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு எழுத்தர் அவர். யார் எதைக் கொண்டுவந்தாலும் 'ஆவன செய்யப்படும்' என்று எழுதுவதால் ஆவனார் என்று பெயர் வைத்திருந்தோம். அவருக்கும் தெரியும், பட்டம் கிடைத்ததுபோல் ஏற்றுக்கொண்டுவிட்டார். எனக்கு அடுத்த மேசை. குடியிருந்ததும் அவர் வீட்டு மாடியறையில்தான். பகலில் அவர் அலுவலகமும் மாலையில் அவர் குடும்பமும் வேண்டாமென்றாலும் என் காதில் விழுந்துகொண்டிருந்தன.

ஒருநாள் ஊழியர்களின் மனநலத்துக்காக ஓர் உளவியல் ஆலோசகரை அழைத்துவந்தார்கள். மின்விசிறிக்குக் கீழே இடம்பிடித்தவர்கள் தூங்கினார்கள். இடம் கிடைக்காதவர்கள் பிஸ்கட் தின்றார்கள்.

"வீட்ல கோபம் வந்தா உடனே பேசிடாதீங்க. மனசுல இருக்கறத எழுதுங்க. கேக்கறவரு ஒருநாள் எடுத்துக்கிட்டு நிதானமா பதில் சொல்லட்டும்" என்றார் அந்த அம்மா.

ஆவனார் மட்டும் குறிப்பெடுத்தார். கடைசியில் கை தூக்கி, "பதிலை எந்த மையில எழுதணும் மேடம்?" என்று கேட்டார்.

அன்று மாலையே அவர் வீட்டுக் குளிர்பெட்டி பக்கத்தில் ஆணி அடிக்கப்பட்டு ஒரு பதிவேடு தொங்கியது. நூலில் கட்டிய பேனா. எண், தேதி, புகார்தாரர், புகார், எடுத்த நடவடிக்கை என்று ஐந்து கட்டம்.

"என்னப்பா இது, வீடா ஆபீஸா?" என்றாள் மகள். பன்னிரண்டாம் வகுப்பு.

"மனசுல இருக்கறத எழுதும்மா. ஒரே நாள்ல பதில் தர்றேன்."

"பதில் தருவாரா, ரசீது தருவாரா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. அது அவர் மனைவி, மருந்துக்கடையில் வேலை, நான் அக்கா என்பேன்.

முதல் புகார் மகளுடையது: அப்பா குளியலறையில் நாற்பது நிமிடம் இருக்கிறார். நடவடிக்கை: 'நேரில் ஆய்வு செய்யப்பட்டது. முப்பத்தைந்து நிமிடமே.' அக்கா எழுதியது: நான் சொல்வது எதையும் காதில் வாங்குவதில்லை. அதற்கு, 'எந்தத் தேதியில், எத்தனை மணிக்குச் சொல்லப்பட்டது என்ற விவரத்தை இணைக்கவும்.'

அக்கா இணைக்கவில்லை. மூன்றாவது வாரத்தோடு அம்மாவும் மகளும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள்.

"பதினஞ்சு நாளா ஒரு புகாரும் இல்ல தம்பி" என்று அலுவலகத்தில் ஆவனார் சொன்னார். "அந்த ஆலோசகரம்மா சொன்னது அப்படியே பலிச்சிடுச்சு."

உண்மைதான். சண்டை கேட்கவே இல்லை. தட்டுச் சத்தம், குழாய்ச் சத்தம், கதவுச் சத்தம். மூன்று பேர் இருக்கும் வீட்டில் டிவியில் செய்தி வாசிப்பவர் மட்டும் பேசிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு வியாழக்கிழமை மாலை அக்கா பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தார்.

"தம்பி, நீதான் எந்நேரமும் படிக்கிறியே. இது யார் எழுத்துன்னு சொல்லு."

இருபத்துமூன்றாம் புகார். பெயர்க் கட்டம் காலி. 'இந்த வீட்டில் என்னிடம் யாரும் பேசுவதில்லை' என்று ஒரே வரி. திரும்புகிற பஸ்ஸில் நிற்பவர்கள்போல எழுத்துகள் எல்லாம் ஒரே பக்கமாக, இடதுபுறம் சாய்ந்திருந்தன.

"தெரியலக்கா."

"எனக்குத் தெரியும். பொண்ணுதான். கையை மாத்தி எழுதியிருக்கா. பாப்போம், மனுஷன் என்ன பண்றாருன்னு."

மனுஷன் மறுநாள் பதில் எழுதிவிட்டார். 'பெயர், கையொப்பம் இல்லை. விதிப்படி தள்ளுபடி.' சிவப்புக் கோடு.

சனிக்கிழமை காலை கீழேயிருந்து கூப்பிட்டார்கள். போனேன். அக்கா பெட்டியோடு நின்றார். மகள் சுவரோரம்.

"தம்பி, நீயே சாட்சி. என் பொண்ணைக் கூட்டிக்கிட்டு எங்கக்கா வீட்டுக்குப் போறேன். திரும்பி வருவேனான்னு எனக்கே தெரியாது. பேச ஆளில்லன்னு இந்த வீட்ல ஒரு உயிர் எழுதியிருக்கு. அதுக்கும் கோடு போட்டுட்டாரு."

"விதின்னு ஒண்ணு இருக்கில்ல..." என்றார் ஆவனார்.

"என் தலைவிதியா? அதுதான் எதிர்ல நிக்குதே!"

அவர் அளவுகோல் இல்லாத கையை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்தார். "சரி, யாரு எழுதினது? அதையாவது சொல்லுங்க."

"நான்தான்" என்றார் அக்கா. அதே நொடியில் "நான்தான்பா, அம்மாவை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள் மகள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவரில் ஒருத்தி பொய் சொல்கிறாள் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

"ஒரு புகாருக்கு ரெண்டு புகார்தாரரா?" என்றார் அவர். ஆனால் குரலில் எழுத்தர் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். "போகாதீங்க. உக்காருங்க. பேசலாம்."

உட்கார்ந்தார்கள். நான் நழுவுவதா நிற்பதா என்று கதவுப் பக்கம் பார்த்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் மகளிடம் கேட்டார்: "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?"

"இன்னைக்கு லீவுப்பா. சனிக்கிழமை."

முதலில் சிரித்தது அக்காதான். பெட்டி உள்ளே போனது. பதிவேடு அலமாரித் தட்டில் பாத்திரங்களுக்கு அடியில் விரிக்கப்பட்டது.

அதன்பிறகு தினமும் மாலை ஆறு மணிக்கு மூவரும் டீயோடு உட்கார்ந்து பேசினார்கள். "பாவம் பொண்ணு, உள்ளுக்குள்ளயே வெச்சிருந்திருக்கா. நான் எழுதினதாவே இருக்கட்டும், நீ காட்டிக்கொடுத்துடாத" என்றார் அக்கா என்னிடம். "அம்மாதாண்ணா எழுதினாங்க. எவ்ளோ தனியா இருந்திருக்காங்க பாருங்க" என்றாள் மகள், மாடிப்படியில், தணிந்த குரலில். அம்மாவுக்காக மகளும் மகளுக்காக அம்மாவும் ஒருநாள்கூடத் தவறாமல் உட்கார்ந்தார்கள். இடையில் ஆவனார் உடைந்த குழாய்களின் கதையை நீட்டி முழக்குவார். ஒருவருக்காக ஒருவர் அதையும் பொறுத்துக்கொண்டார்கள்.

ஏழு மாதம் கழித்து அலுவலகப் படியில் வழுக்கி விழுந்ததில் அவருக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. விடுப்பு எடுக்கவில்லை. மாவுக்கட்டை மேசைமேல் கிடத்திவிட்டு, அன்றைய முதல் புகாரை இடது கையால் பதிந்தார். அளவுகோலைப் பிடித்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டார். குனிந்து பார்த்தேன். அக்கா மாடிக்குக் கொண்டுவந்து காட்டிய, இடதுபுறம் சாய்ந்த அதே எழுத்து. தன் மனுவைத் தானே பரிசீலித்து, ஒருநாள் கெடுவுக்குள், விதிப்படி தள்ளுபடி செய்திருக்கிறார்.