நெல்லிப் பாகில் ஒரு ஓட்டை

அரைநெல்லியை வெறும் வாயில் போட்டால் ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும். அதையே அம்மா மூன்று நாள் சீனிப் பாகில் காய்ச்சி எடுத்தால், கெம்புக் கல்லாகச் சிவந்துவிடும். எங்கள் ரப்பர் தோட்டத்தில் வேறு யாருக்கும் அந்தச் சிவப்பு வந்ததில்லை. மகன் என்பதற்காகச் சொல்லவில்லை. தோட்டத்து ஆபீஸ் கணக்கைப் பார்க்கும் பெரிய கிராணி வீட்டிலிருந்தே ஆள் அனுப்பிக் கேட்டிருக்கிறார்கள்.

அவசரகாலம் வந்து, தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்டுவிட்டார்கள். காட்டில் ஒளிந்திருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று கேட்டைத் தாண்டி ஒரு பிடி சோறு விடமாட்டார்கள். கடையில் பால் டின் வாங்கினால்கூட, யாரும் சேர்த்து வைக்க முடியாதபடி கடைக்காரர் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்.

அந்தச் சமயத்தில்தான் சுங்கை ஆயர் தாவார் பக்கம் கட்டிக்கொடுத்த என் அக்காவுக்கு வளைகாப்பு வந்தது. பெண்ணைப் பெற்றவள் கட்டுச்சோறு கொண்டுபோக வேண்டும். சோறுதான் கேட்டைத் தாண்டாதே!

"வளையல மட்டும் எடுத்துக்கிட்டு, வெறுங்கையோட சம்பந்தி வாசல்ல போய் நிக்கவா?" என்று இரண்டு நாள் அம்மா புலம்பித் தீர்த்தார். மூன்றாம் நாள் சீனி டப்பாவை எடுத்து ஒளித்து வைத்தார். அளந்து கொடுக்கும் சீனி முழுக்க, சோற்றுக்குப் பதிலாகக் கொண்டுபோகும் நெல்லிக்கு என்று முடிவாகிவிட்டது. நான்கு வாரம் வெறுங்கோப்பி.

"மகளுக்குத்தானே வளைகாப்பு, எனக்கு எதுக்குடி பத்தியம்?" என்றார் அப்பா.

"ஒங்க பேரப்புள்ளைக்குத்தான். பேசாமக் குடிங்க."

காயை முள்ளால் குத்தி, உப்பில் புரட்டி, புளிப்பு நீரைப் பிழிந்து, சிறு தீயில் ஏற்றி இறக்கி, மறுநாள் மீண்டும் ஏற்றி... ஈரக் கையோடு யாரும் அடுப்படிக்குப் போக முடியாது. "ஒரு சொட்டுத் தண்ணி பட்டுச்சு, மூணு நாள்ல நொரைச்சுப் போயிரும்" என்பார்.

என் பங்குக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். ஒரு போத்தல் நெல்லிப் பாகு கொண்டுபோக அனுமதி கேட்டு, நல்ல ஆங்கிலத்தில், நான்கு முறை திருத்தி எழுதினேன்.

வளைகாப்பு அன்று காலை கேட்டில் வெள்ளைக்கார போலீஸ் அதிகாரி நின்றிருந்தார். கடிதத்தைப் படித்துவிட்டு, யார் எழுதியது என்று கேட்டார். நான்தான் என்றேன். போத்தலை வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"இது எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?"

என் அம்மாவின் கைப்பக்குவத்தை இதுவரை யாரும் ஆங்கிலத்தில் விசாரித்ததில்லை. நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "ஒரு வருடம், சார்!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. அதிகாரி தலையை ஆட்டிவிட்டு, போத்தலைச் சோதனை மேசைமீது வைத்துவிட்டார்.

"என்னய்யா ஆச்சு?" என்றார் அம்மா. நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன். கேட்டில் பெண்களைச் சோதிக்கும் காவல்காரம்மாதான் சொன்னார்: "கெடாத பொருள வெளிய விடமாட்டாங்க, யக்கா. காட்டுக்குப் போனா மாசக்கணக்குல வச்சுத் திம்பாங்களாம்."

அம்மா ஒரு கணம் போத்தலைப் பார்த்தார். பிறகு காவல் கொட்டகை ஓரத்துத் தண்ணீர் வாளியில் ஒரு குவளை மொண்டு வந்தார்.

"தொரைகிட்டச் சொல்லு. பால் டின்னுல ஓட்டை போடுறாங்கள்ல, நானும் இதுல ஒண்ணு போட்டுர்றேன். தண்ணி ஊத்திட்டா மூணு நாளைக்கு மேல இது எவனுக்கும் ஆகாது."

நான் மொழிபெயர்த்தேன். அதிகாரி பதில் சொல்லும்வரை அம்மா காத்திருக்கவில்லை. மூடியைத் திருகி, தண்ணீரைக் கழுத்துவரை ஊற்றினார். சிவப்பு வெளிறிப் பரவியது. அதிகாரி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் கடிதத்தின் அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வளைகாப்பில் முதல் நெல்லி அக்காவின் வாய்க்குப் போனது. அவள் இரண்டாவதற்குக் கை நீட்டினாள்.

"என்ன சம்பந்தியம்மா, பாகு இப்படித் தண்ணியா இருக்கு?" என்றார் அக்காவின் மாமியார்.

"இன்னைக்கே எல்லாரும் சாப்பிட்டு முடிக்கிற மாதிரி பண்ணிருக்கேன். ஊத்துங்க."

வந்த பெண்கள் எல்லாரும் குவளை நீட்டினார்கள். மத்தியானத்துக்குள் போத்தல் காலி. அந்த மாமியாரே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உப்பு எவ்வளவு, தீ எவ்வளவு என்று பக்குவம் கேட்டார். அம்மா நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார், ஈரக்கை விஷயம் உட்பட.

திரும்பும் பஸ்ஸில், காலிப் போத்தல் மடியில் இருக்க, அம்மா கேட்டார்: "அந்தத் தொரைகிட்ட நீ என்னதான்யா சொன்ன?"

இனி மறைக்க முடியாது. "ஒரு வருசம் கெடாதுன்னு சொல்லிட்டேம்மா."

அம்மா என் பக்கம் முழுசாகத் திரும்பினார்.

"ஒரு வருசமா? அக்கா கல்யாணத்துக்குப் போட்டது ரெண்டு வருசம் இருந்துச்சே, அதச் சொல்லலையா நீ?"