பத்து நிமிஷத்துக்கு மேல் வைக்காதீர்கள்

உங்கள் இரண்டு பேருக்கும்தான் எழுதுகிறேன். முதலில் பாப்பா படிக்கட்டும். தம்பிக்கு நானே நேரில் சொல்லிக்கொள்கிறேன். எட்டாவது வரைக்கும் படித்தவன் நான். பிழை இருந்தால் திருத்திக்கொள் சாமி.

பாப்பா, போன மாதம் போனில், ஹாஸ்டலில் நாலு பேர் தங்குகிற ரூம் வேண்டாம், தனியாக ஒரு ரூம் கேட்டுப் பாருங்கள் என்று சொன்னாய். ஏன் என்று கேட்டேன். "நான் எதையாச்சும் மறந்துட்டன்னா இன்னொருத்தருக்கு ஏதாச்சும் ஆயிருமுங்கப்பா" என்றாய். நான் அப்போது போர்வெல் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். கம்ப்ரஸர் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். பொய். எல்லாம் கேட்டது.  தம்பி காலில் இருக்கிற அந்தத் தழும்புக்கு நீதான் காரணம் என்று ஆறு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீ இல்லை. நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் நம் வீட்டுக் கீசர் நின்றுபோனது. பதினைந்து லிட்டர் பெட்டி. குளியலறைக் கதவுக்கு நேர் மேலே உள்பக்கமாக மாட்டியிருக்கும். யார் உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் அதற்கு அடியில்தான் வர வேண்டும். நான் ஊரில் இல்லை, வண்டியோடு கர்நாடகத்தில் இருந்தேன். தம்பிக்கு ஆறு வயது, வீசிங் இருந்தது. பச்சைத் தண்ணீர் உடம்பில் பட்டால் அன்று முழுக்க அவன் நெஞ்சுக்குள் பூனை கத்துகிற மாதிரி சத்தம் வரும். வெந்நீரில் தவிர குளிக்க வைக்காதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் அம்மா தினமும் விடிந்ததும் இட்லிக் குண்டானில் தண்ணீரைக் காய்ச்சி, இரண்டு பக்கமும் துணி பிடித்து, சமையல்கட்டிலிருந்து ஹால் வழியாகத் தூக்கிக்கொண்டு போவாள். அவள் வருகிற நேரத்தில் தம்பி குறுக்கே ஓடிவிடுவான் என்று, நீ அவனைக் கட்டில் மேல் ஏற்றி நிறுத்திக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பாயாம். யாரும் உனக்குச் சொல்லித் தரவில்லை. உனக்கு அப்போது பதினொரு வயது. அம்மா இதைப் போனில் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

ரிப்பேர்காரருக்குச் சொல்லியிருந்தார்கள். தீபாவளி நெருக்கம், பத்து நாள் ஆகும் என்றாராம். அதற்குள் மழை பிடித்து, தோட்டங்களுக்குள் லாரி இறங்க முடியாமல், நாங்கள் வண்டியை சர்வீஸுக்குத் திருச்செங்கோட்டுக்கே ஓட்டி வந்துவிட்டோம். வந்த மறுநாள் காலையில் அம்மா குண்டானோடு நடப்பதைப் பார்த்தேன். ஆவி அவள் முகத்தை மறைத்தது. நடுவில் ஒரு தரம் கால் வழுக்கி, ஒரு கை தண்ணீர் தரையில் சிந்தியது. ஆள் கூப்பிட்டிருக்கிறீர்கள் அல்லவா, வரட்டும் என்றேன். அம்மா குண்டானை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆயிரம் அடிக்குக் கீழ இருந்து தண்ணி எடுக்கறவருக்கு, ஆறடிக்கு மேல இருக்கற பொட்டி வசப்பட மாட்டேங்குதுங்களா?"

நீ சிரித்தாய். தம்பி எதற்கென்று தெரியாமலே சிரித்தான். நானும் சிரித்துக்கொண்டுதான் ஸ்டூலை எடுத்துப் போட்டேன்.

இந்த இடத்தில் எங்கள் வேலையில் இருக்கிற ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். குழி தோண்டும்போது கம்ப்ரஸர் காற்றை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். காற்று நின்றால் மேலிருந்து மண் சரிந்து, அடியில் பாறையைக் குடைகிற பிட் சிக்கிக்கொள்ளும். அப்புறம் அதை எடுக்க மூன்று நாள் ஆகும், எடுக்க முடியாமலும் போகும். கம்ப்ரஸரில் ஆயில் மிஞ்சிச் சூடானால் இன்ஜினைத் தானாக நிறுத்துகிற ஒரு சின்னப் பாகம் இருக்கிறது. அது நம்மைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. ஆனால் பாதிக் குழியில் அது நிறுத்திவிட்டால் எங்களுக்குப் பெரிய தொந்தரவு. ஆகவே அதற்குப் போகிற இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கிவிடுவோம். இதற்கு டைரக்ட் பண்ணுவது என்று பெயர். அப்புறம் எவ்வளவு சூடானாலும் இன்ஜின் நிற்காது. கண்ணால் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நாமே நிறுத்த வேண்டியதுதான். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே கற்றுக்கொண்ட விஷயம் இது.

கீசர் மூடியைக் கழற்றினால் அதே மாதிரி ஒரு பாகம் உள்ளே இருந்தது, நாலணாக் காசு அகலத்தில். நடுவில் ஒரு பட்டன். அழுத்தினேன். சிவப்பு லைட் எரிந்தது. தண்ணீர் காய்ந்தது. கால் மணி நேரத்தில் பட்டன் டப்பென்று மறுபடி விழுந்து, லைட் அணைந்துவிட்டது. மறுபடி அழுத்தினேன், மறுபடி விழுந்தது. அது எதற்காக விழுகிறது என்று நான் யோசிக்கவே இல்லை. தண்ணீர் போதுமான சூடு வந்ததும் கரண்டை நிறுத்த வேண்டிய இன்னொரு பாகம் உள்ளே ஒட்டிப்போய்க் கிடந்தது. அதனால்தான் இது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. நான் இரண்டு அங்குல ஒயர் வெட்டி இரண்டு பக்கமும் முறுக்கி, டைரக்ட் பண்ணிவிட்டேன்.

கீசர் ஓடியது. இனி அது தானாக நிற்காது என்பது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று மட்டும் நினைக்காதே. அன்று அரை மணி நேரம் கீழே நின்று பார்த்தேன். குழாயைத் திறந்தால் தண்ணீரோடு ஆவி சீறிக்கொண்டு வந்தது. சுவிட்சை அணைத்துவிட்டு வந்து உங்களைக் கூப்பிட்டு ஒரு கட்டளை போட்டேன். பத்து நிமிஷத்துக்கு மேல் வைக்காதீர்கள். தம்பி ஏன் என்று கேட்டான். "கரண்ட்டு வீணாப் போவுது சாமி" என்றேன்.

பாப்பா, இந்த வரியை இரண்டு தரம் படி. கரண்ட் வீணாகும் என்றுதான் சொன்னேன். கரண்ட் வீணாவதை எந்தப் பிள்ளையும் மறக்கும், பெரியவர்களும் மறப்பார்கள். உயிருக்கு ஆபத்து என்று சொல்லியிருந்தால் நீ மறந்திருக்க மாட்டாய். கட்டில் மேல் தம்பியை நிறுத்திப் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளை நீ. நிஜத்தைச் சொன்னால் அம்மா அந்தப் பெட்டியை அன்றைக்கே கழற்றச் சொல்லுவாள், என் வேலையைப் பார்த்து உங்கள் முன்னால் சிரிப்பாள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பெட்டிக்கு அடியில் இருக்கிற வால்விலிருந்து சொட்ட ஆரம்பித்தது. குளித்துக்கொண்டிருந்த தம்பியின் தோளில் ஒரு சொட்டு விழுந்து அவன் கத்தினான். உள்ளே அழுத்தம் கூடினால் வெளியே விடுவதற்குத்தான் அந்த வால்வு. அம்மா, தோளில் சிவந்திருந்த இடத்தைக் காட்டி, சுடுதண்ணீர் சொட்டுகிறது, என்னவென்று பாருங்கள் என்றாள். வண்டி சர்வீஸுக்கு நின்ற பட்டறையிலிருந்து ஒரு போல்ட் கொண்டுவந்து, டேப் சுற்றி, வால்வின் வாயை அடைத்தேன். சொட்டு நின்றது. அம்மா பரவாயில்லையே என்றாள்.

அதற்குப் பிறகுதான் சத்தம் வர ஆரம்பித்தது. சுவிட்ச் போட்டு ஐந்து நிமிஷத்தில் பெட்டிக்குள் ஒரு முனகல். ஒரு நாள் அம்மா துணி அலசிக்கொண்டிருந்தவள் எழுந்து வெளியே வந்தாள்.

"ஏனுங்க, அதுக்குள்ள ஆரோ ஒக்காந்து பேசற மாதிரி இருக்குதுங்க."

"தண்ணி காஞ்சா சத்தம் வராதா? குண்டான்ல வரலியா?" என்றேன்.

 அன்றிலிருந்து கீசர் ஓடுகிற நேரத்தில் அவள் உள்ளே துணி அலசுவதில்லை என்பதைக் கவனித்தேன். கீசரிலிருந்து இறங்குகிற வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் மஞ்சளாகி, திரும்புகிற முட்டியில் லேசாக வளைந்திருந்ததையும் கவனித்தேன். வண்டி கிளம்புவதற்குள் மாற்றிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். பெட்டிக்கு அடியில் போகும்போது என் தலை தானாகக் குனிந்தது. உங்களுக்கு அடியில் போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை.

சனிக்கிழமை. உங்களுக்கு ஸ்கூல் லீவு. விடியற்காலையிலிருந்து மழை. அம்மா ஆறு மணிக்கே தறிக்குப் போய்விட்டாள். நான் ஏழு மணிக்குப் பட்டறைக்குக் கிளம்பும்போது நீ தம்பியைக் குளிக்க வைக்க கீசர் சுவிட்சைப் போட்டாய். இரண்டு நிமிஷத்தில் கரண்ட் போய்விட்டது. லைட் இல்லை, ஃபேன் இல்லை, கீசரின் சிவப்பு விளக்கும் இல்லை. இன்றைக்குக் குளியல் வேண்டாம், துடைத்துவிட்டால் போதும் என்று நானே சொல்லிவிட்டுப் போனேன். விளக்கு அணைந்து கிடக்கிற சுவிட்ச் போட்டபடியே இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அதன் எதிரில் நின்றுதான் செருப்புப் போட்டேன்.

ஒன்பது மணிக்குக் கரண்ட் வந்தது. பட்டறையில் கிரைண்டர் சுற்ற ஆரம்பித்ததும் எல்லோரும் சந்தோஷமாக எழுந்தோம். கீசர் ஞாபகம் எனக்கு ஒரு கணமும் வரவில்லை. வீட்டில் நீ ஹாலில் படித்துக்கொண்டிருந்தாய். பக்கத்து வீட்டுத் தகரத்தில் விழுந்த மழைச் சத்தம் எல்லாவற்றையும் மூடியிருந்தது. பத்தரை மணிக்கு ஒரு ஸ்பேனர் எடுக்க வீட்டுக்கு வந்தேன். வந்த நேரம் மழை விட்டிருந்தது. வாசல்படியில் கால் வைத்ததும் கேட்டேன். முனகல் இல்லை. பெட்டி சுவரோடு சேர்ந்து தடதடவென்று ஆடுகிற சத்தம். சூட்டில் நிற்க முடியாத கம்ப்ரஸர் அப்படித்தான் ஆடும்.

தம்பி எங்கே என்றேன். பாத்ரூமில் கப்பல் விட்டுக்கொண்டிருக்கிறான் என்று புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாய்.

பாத்ரூம் வெளிச்சுவரில் கீசர் சுவிட்சின் சிவப்பு விளக்கு எரிந்தது. அணைத்தேன். ஆடுவது நிற்கவில்லை. கதவைத் தள்ளினேன். தம்பி எதிர் மூலையில் பக்கெட் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கதவுக்கு மேலே குழாயின் முட்டி, தவளையின் தொண்டை மாதிரி ஊதியிருந்தது. அவன் அங்கேயே இருந்தாலும் ஆபத்து, வந்தாலும் அதற்கு அடியில்தான் வர வேண்டும். கத்தினால் பயந்து வெந்நீர்க் குழாயைப் பிடித்துவிடுவான்.

"சாமி, மெதுவா எந்திரிச்சு அப்பாகிட்ட வா."

"இருங்கப்பா, கப்பல் இன்னும் முழுகலீங்க."

"அது முழுகட்டும். நீ வா."

அவன் ஈரக் கையை டவுசரில் துடைத்தான். நின்று, திரும்பி, ஒரு தரம் பக்கெட்டைப் பார்த்தான். பிறகு நாலு எட்டு. நாலாவது எட்டில் நான் கையை எட்டிப் பிடித்து இழுத்தேன். அப்போதுதான் குழாயின் முட்டி பிளந்தது.

வெள்ளையாக ஆவி, வேறொன்றும் தெரியவில்லை. என் முழங்கை வெந்தது அப்புறம்தான் தெரிந்தது. தம்பியின் இடது கால் முட்டிக்குக் கீழே. ஒரு நொடி முன்னால் என்றால் முகத்தில். நான் அவனைத் தூக்கிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது, அவனை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய், மழைத் தண்ணீர் பிடித்திருந்த டிரம்மிலிருந்து மொண்டு மொண்டு காலில் ஊற்றியவள் நீ. போதும் என்று நான் சொல்லியும் நிறுத்தவில்லை. அப்படி ஊற்றியதால்தான் தோல் இந்த அளவுக்காவது தேறியது என்று டாக்டர் என்னிடம் சொன்னார். அதை உனக்கு நான் சொல்லவே இல்லை.

தம்பியை ஆஸ்பத்திரியில் சேர்த்து, அம்மா வந்ததும், மாற்றுத்துணி எடுக்க என்று வீட்டுக்கு வந்தேன். துணியை எடுப்பதற்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். பெட்டி இன்னும் சுட்டது. ஒயரைப் பிரித்து எடுத்தேன். போல்ட்டைக் கழற்றினேன். இரண்டையும் பட்டறைக் கழிவு இரும்புக்குள் போட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். பிறகு வந்து பார்த்த ரிப்பேர்காரர், பழைய பெட்டி, சில நேரம் இப்படி ஆகிவிடும் என்றார். நான் ஆமாங்க என்றேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா உன்னைக் கேட்டாள், சுவிட்சை யார் போட்டது என்று. "நாந்தானுங்கம்மா" என்றாய். "பத்து நிமிசம்னு அப்பா படிச்சுப் படிச்சுச் சொன்னாரில்ல?" என்று அவள் உன் தோளைப் பிடித்து உலுக்கினாள். நான் நடுவில் புகுந்து, விடு, குழந்தை, தெரியாமல் செய்துவிட்டாள் என்றேன். எல்லோரும் என்னை நல்ல மனசுக்காரர் என்று நினைத்தார்கள். நீயும் அப்படித்தான் என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு நின்றேன்.

முந்தாநாள் அம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.  

"ஆறு வருசமா நம்ம பாப்பா மார்கழியிலயும் பச்சத்தண்ணியிலதானுங்க குளிக்குது" என்றாள். வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் போட்ட எந்த அழைப்பையும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருகிறேன். ஹாஸ்டலில் உனக்கு எந்த ரூம் வேண்டும் என்று இதைப் படித்த பிறகு நீயே சொல். தம்பியை உட்கார வைத்து, அவன் காலைப் பார்த்துக்கொண்டு, இதையே வாயால் சொல்லப் போகிறேன். நீ பக்கத்தில் இருந்தால் இரு. இருக்க முடியவில்லை என்றால் வெளியே போய்க்கொள். எனக்குப் பரிந்து மட்டும் பேசாதே பாப்பா, அப்பா பாவம் என்று மட்டும் அவனிடம் சொல்லிவிடாதே.