வாய்க்காலுக்கு இக்கரையிலிருந்து எழுதிய சீட்டு

பதினோராம் விதி சொன்னது இது: பேறுகாலம் நெருங்கிய பெண்ணுக்குப் பிளேக் ஊசி கட்டாயமில்லை. மருத்துவச்சியோ, மருத்துவச்சி இல்லாத ஊரில் மணியக்காரரோ அவளை நேரில் பார்த்து எழுதிய சீட்டு இருந்தால் போதும். எந்தச் சாவடியிலும் அவளை நிறுத்தக் கூடாது. இத்தனை வருஷம் கழித்தும் அது எனக்கு மனப்பாடம். அதற்குக் காரணம் நினைவாற்றல் இல்லை. சாவடிப் பலகையில் ஒட்டியிருந்த நகலை எழுதியவன் நான்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில் எலிகள் செத்து விழத் தொடங்கின. சேலத்துக்கு மூன்று மைல் தெற்கே சாலைக்குக் குறுக்கே ஒரு மூங்கிலைக் கட்டினார்கள். பக்கத்தில் ஓலைக் கொட்டகை போட்டு, அதில் என்னையும் ஒரு மேஜையையும் ஒரு சேவகரையும் ஊசி போடுகிறவர் ஒருவரையும் இருத்தினார்கள். ஊசிச் சீட்டு உள்ளவர்கள் நகரத்துக்குள் போகலாம். இல்லாதவர்கள் கொட்டகையில் ஊசி போட்டுக்கொண்டு, காய்ச்சல் தணிந்த பிறகு வரலாம். எலிகள் மூங்கிலுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தன. அவற்றைப் பற்றி விதி எதுவும் சொல்லவில்லை.

மார்ச் பன்னிரண்டாம் தேதி ஒரு மாட்டு வண்டி வந்தது. உள்ளே எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி, கூட அவளுடைய நாத்தனார். ஒரு மைல் தள்ளியிருந்த கிராமத்தின் கூலிக்காரத் தெருவைச் சேர்ந்தவர்கள். கர்ப்பிணிக்குக் கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. கண் மங்குகிறது என்றாள். முதல் பிள்ளை பிறக்கும்போதே இறந்துவிட்டதாம். இந்த முறை சேலத்துப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்று நாத்தனார்தான் பிடிவாதமாகக் கிளப்பிக்கொண்டு வந்திருக்கிறாள். ஊசி போடுகிறவர் வயிற்றைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். நான் பதினோராம் விதியை உரக்கப் படித்துக் காட்டி, மணியக்காரரிடம் சீட்டு வாங்கி வரச் சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

அங்கேதான் சிக்கல். மணியக்காரர் கூலிக்காரத் தெருவில் கால் வைக்கிறவர் இல்லை. அந்தத் தெருக்காரர்கள் அவர் தெருவுக்குள் வரக் கூடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு வாய்க்கால். வரி வசூல், சாவு அறிவிப்பு, அறுவடைக்கு ஆள் கூப்பிடுவது எல்லாமே வாய்க்காலின் இரு கரையிலும் நின்று பேசித்தான் நடக்கும். இதுவும் அப்படியே நடந்தது. அவர் இக்கரையில் குடை பிடித்து நின்றார். அவள் அக்கரையில் பக்கவாட்டில் திரும்பி நின்று காட்டினாள். மணியக்காரர் பொய் எழுதாதவர் என்று பெயர் எடுத்தவர். ஆகவே சீட்டில் இப்படி எழுதினார்: வாய்க்காலுக்கு அக்கரையில் ஒரு பெண் நிற்கக் கண்டேன், வயிறு பெரிதாகத் தெரிந்தது.

மறுநாள் காலை சீட்டு என் மேஜைக்கு வந்தது. அந்த மேஜையில் யார் உட்கார்ந்திருந்தாலும் அதை வாங்கிக்கொண்டு மூங்கிலைத் தூக்கியிருப்பார்கள். என் துரதிர்ஷ்டம், எனக்கு நடைமுறை தெரியும். வாய்க்காலின் அகலத்துக்கு அப்பாலிருந்து பார்ப்பது நேரில் பார்ப்பதாகுமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தால் மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்று வேறொரு விதி. நல்ல ஆங்கிலத்தில், எண்ணிட்ட மூன்று பத்திகளில் கேட்டு எழுதினேன். இன்றைக்குப் படித்தாலும் அதில் ஒரு பிழை காட்ட முடியாது.

பதில் வந்ததும் சொல்லி அனுப்புகிறேன் என்றேன். அந்த நேரத்தில் சந்தைக்குப் போகும் எருமை ஒன்று மூங்கிலைத் தாண்டிப் போயிற்று. கால்நடைக்குச் சீட்டு தேவையில்லை.

நாத்தனார் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க சாமி, அதுவும் செனைதானுங்க. அதுக்கு ஆரு வாய்க்கா மேட்டுல நின்னு பாத்துச் சீட்டுக் குடுத்தாங்க?"

சேவகர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. கேள்வி நியாயமானது, ஆனால் கேட்க வேண்டிய வழியாகக் கேட்கப்படவில்லை.

அதன் பிறகு நாத்தனார் தினமும் நடந்தே வந்து, மேஜையிலிருந்து எட்டி நின்று, "காயிதம் வந்துருச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். தபால் தினமும் வந்தது. சுண்ணாம்புத் தூள் தெளிப்பது பற்றி, செத்த எலிகளை எரிப்பது பற்றி.

மார்ச் இருபத்தேழாம் தேதி விடிந்த கொஞ்ச நேரத்தில் அதே வண்டி வேகமாக வந்தது. உள்ளே அவளுக்கு வலிப்பு கண்டிருந்தது. நான் எழுந்து மூங்கிலை நானே தூக்கினேன். அது அவ்வளவு லேசாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. தூக்குவது சேவகருடைய வேலை. பதிவேட்டில் என்ன எழுதுவது என்று புரியாமல், சீட்டு உண்டு என்று எழுதினேன். பதினான்கு நாட்களாக அது உண்மைதான்.

சாயங்காலம் நாத்தனார் மட்டும் திரும்பி நடந்து வந்தாள். என்னைப் பார்த்து நின்றாள். கத்தவில்லை.

"தாய் பொழச்சுக்கிட்டாளுங்க. கொழந்தை போயிருச்சு. கால் வீங்குனப்பவே கொண்டாந்திருந்தா ரெண்டையும் காப்பாத்தியிருக்கலாமுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. இத்தனை நாளா எங்க இருந்தீங்கன்னு கேட்டாங்க. சாவடியிலதானுங்க இருந்தோம்னு சொன்னேன்."

நான் அன்றைய பதிவேட்டை மூடிக் கையெழுத்துப் போட்டேன்.

மே மாதத்தில் நோய் அடங்கியது. மூங்கிலை அவிழ்த்து, கொட்டகையைப் பிரித்து, ஓலையை ஏலம் விட்டோம். நான் தாலுகா அலுவலகத்துக்குத் திரும்பினேன். ஒரு நாள் முற்பகல், ஜன்னலுக்கு வெளியே சாலைக்குக் கப்பிக் கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்களில் அவளும் இருந்தாள். கால்களில் வீக்கம் வடிந்திருந்தது. மற்றவர்கள் பிள்ளைகளை மர நிழலில் தூளி கட்டிப் போட்டிருந்தார்கள். வேலைக்கு நடுவே ஒவ்வொருத்தியாக எழுந்து பால் கொடுக்கப் போனார்கள். அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை.

அன்றைய தபாலில் என் கடிதத்துக்குப் பதில் இருந்தது. இரண்டே வரி. விதி தெளிவாகவே உள்ளது, மணியக்காரரின் சீட்டு போதுமானது. இனி இத்தகைய தேவையற்ற கேள்விகளை அனுப்ப வேண்டாம். வழக்கப்படி தலைப்பில் முத்திரை குத்தி, வந்து சேர்ந்த தேதியை எழுதினேன்: ஜூன் ஒன்பது.